ஆலமரத்து மூட்டை

மலர்க்கொடியின் கைக்குச் சுரக்காத மடி வியாசர்பாடியில் கிடையாது. உதைக்கிற மாடு, பாலை அடக்குகிற மாடு, கன்று செத்த மாடு, எதுவானாலும் அவள் முதுகைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால் வாளி நுரைக்கும். எம்.கே.பி. நகர் அடுக்குவீடுகளில் பாதிப் பேர் குடிக்கிற காபி அவள் கறந்த பாலில் போட்டதுதான். ஆனால் அந்த மாடுகளில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. எல்லாம் அண்ணன் பொன்னுரங்கத்தின் மாடுகள். கைராசி தங்கைக்கு, கல்லாப்பெட்டி அண்ணனுக்கு. யார் இப்படிப் பங்கு பிரித்தது என்று கேட்டால், அவளேதான் சம்மதித்தாள் என்று சொல்ல வேண்டும்.

அம்மா சாகும்போது கொட்டகையும் கறவைகளும் இரண்டு பேருக்கும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கருமாதி முடிந்ததும் பொன்னுரங்கம் சொந்தக்காரர்கள் முன்னால் ஒரு பேச்சை வைத்தான்.

"லட்சுமி சினையா கீது. பொட்டக்கன்னு போட்டா அது மலருக்கு. கொட்டாயும் மத்த மாடுங்களும் எனக்கு. காளக்கன்னா இருந்தா அப்பால பேசிக்கலாம். இன்னாம்மா சொல்ற?"

மலர்க்கொடியின் கணவர் அப்பாவு துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர். "யோசிச்சிக்க புள்ள" என்று மெதுவாகச் சொன்னார். அவள் யோசிக்கவில்லை. லட்சுமி வேளைக்கு ஒரு வாளி கறக்கிற மாடு. அதன் வயிற்றுக் கிடாரி வளர்ந்து, ஈன்று, அதன் கிடாரியும் ஈன்றால் தனக்கும் ஒரு கொட்டகை ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள். கூடப் பிறந்தவன் வாக்கைச் சந்தேகிப்பதா என்றும் நினைத்தாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாடு ஈனும்போது வீட்டு ஆண் ஒருவனைத் தவிர யாரும் கொட்டகைக்குள் போகக் கூடாது, கண் பட்டுவிடும். சினைக்கு விடுவது, கன்றை இழுப்பது எல்லாம் ஆம்பிளைச் சமாச்சாரம். கறப்பதும் சாணி அள்ளுவதும் பொம்பிளைச் சமாச்சாரம். அப்பா தொழில் நுணுக்கத்தையெல்லாம் மகன் காதில் ஓதினார், மகள் கையில் வாளியைக் கொடுத்தார்.

லட்சுமி ஈன்ற அன்று பொன்னுரங்கம் கூப்பிட்ட பிறகுதான் மலர்க்கொடி உள்ளே போனாள். செவலை நிறத்தில் ஒரு பொட்டைக்கன்று காலை ஊன்றப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தது. அவள் அழுதே விட்டாள். வெளியே வந்தபோது அண்ணன் நஞ்சுக்கொடியைக் கோணியில் கட்டி ஓடைப் பக்கத்து ஆலமரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் வடியும் என்று கட்டுவது. மூட்டை அவன் தோளை அழுத்தியது.

"இன்னாண்ணா, இம்மாம் பெரிய மூட்டை?"

"நல்ல மாடுன்னா அப்டித்தான். பாலு கொட்டப் போவுது பாரு."

செவலையை அவள் தன் வீட்டில் கட்டிப் பிள்ளைபோல வளர்த்தாள். காய்கறிக் கடைக் கழிவைக் கெஞ்சி வாங்கி வந்து போட்டாள். செவலை வளர்ந்த வளர்த்தி தெருவே பார்த்து வியந்தது. தடித்த கழுத்து, அகன்ற நெற்றி, காளை மாதிரி நடை. "எலும்பப் பாரு, ஈத்துக்கு எம்மாம் கறக்குமோ!" என்றார்கள். மலர்க்கொடிக்குப் பெருமை பிடிபடவில்லை. மடிக்காம்பு மட்டும் பயறு அளவுக்கு மேல் வளரவில்லை. ஈன்றால் வளரும் என்று விட்டுவிட்டாள்.

கூட வளர்ந்த கிடாரிகள் பருவத்துக்கு வந்து கத்தின, சினையாயின, ஈன்றன. செவலை தின்றது, படுத்தது, அசைபோட்டது. பொன்னுரங்கம் வாரம் தவறாமல் வந்து பார்த்தான். அவள் வறுத்துப் போட்ட வஞ்சிர மீனைத் தின்றுகொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்க. சிலது லேட்டாத்தான் வரும். பருத்திக்கொட்டை போடு" என்பான். அவள் போட்டாள். போட்டுவிட்டு, விடிந்ததும் அவன் மாடுகளைக் கறக்கப் போனாள்.

கடைசியில் அப்பாவுதான் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொன்னார். அங்கே ரேச்சல் என்ற இளம் டாக்டரம்மா ஒரு சின்னக் குழாயைச் செவலையின் பிறப்பு வழிக்குள் விட்டுப் பார்த்தார். அது பாதி வழியிலேயே நின்றது. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு போட்டோவைக் காட்டினார். குட்டிக் குட்டியாகப் புழுக்களைச் சிதறவிட்டது போல இருந்தது.

"ரத்தத்தை மாட்டு உடம்புச் சூட்டிலேயே வச்சு வளர்த்தோம்மா. அணு ரெண்டாப் பிரியுற நேரத்துல மருந்து போட்டு நிறுத்திட்டா, உள்ளே இருக்கிற குரோமோசோம் இப்படித் தனித்தனியாத் தெரியும். மாட்டுக்கு அறுபது. இதுல ஒரு ஜோடிதான் ஆணா பொண்ணான்னு சொல்லும். பசுன்னா ரெண்டும் பெருசா இருக்கணும். செவலைக்குச் சில அணுவுல அப்படித்தான் இருக்கு. மத்ததுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. அது காளையோடது."

"அப்ப இது காளையா டாக்டரம்மா?"

"இல்லம்மா, பொட்டைதான். ஆனா வயித்துல இதுகூட ஒரு காளைக்கன்னு இருந்திருக்கு. ரெண்டு நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கிட்டு, அதோட ரத்தம் இதுக்குள்ள வந்திருக்கு. அதனால இதுக்குக் கருப்பை சரியா வளரல. இது சினையே ஆகாதும்மா."

"கூட எதுவும் பொறக்கலியே. ஒண்ணுதான் பொறந்திச்சி."

டாக்டரம்மா போட்டோவைப் பார்த்தார். "ரத்தம் அப்படிச் சொல்லலம்மா."

மலர்க்கொடிக்கு ஆலமரத்து மூட்டை ஞாபகம் வந்தது. இரண்டு கன்றின் நஞ்சுக்கொடி இருந்ததால்தான் அது அவ்வளவு கனத்ததோ? வழியெல்லாம் அண்ணனுக்காகத் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு நடந்தாள். அவனுக்கும் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது கன்று செத்துப் பிறந்திருக்கலாம். கண் படும் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சாயங்காலக் கறவைக்குப் போனாள். லட்சுமியின் பக்கத்தில் குந்தி, மடியைக் கழுவியபடியே சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணா, செவலயோட பொறந்த காளக்கன்னு இன்னா ஆச்சி?"

தொட்டியில் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் தலையைத் தூக்காமலே சொன்னான். "அது அன்னிக்கே புளியந்தோப்புல கசாப்புக்குப் போயிடுச்சி. இப்ப இன்னாத்துக்கு அது?"

சொன்ன பிறகுதான் அவன் கை தண்ணீருக்குள் நின்றது.

"காளயோட பொறந்த பொட்ட சினைக்கு நிக்காதுன்னு உனுக்குத் தெரியுமா?"

அவன் மறுபடி புண்ணாக்கைக் கரைக்கத் தொடங்கினான்.

"தெரியுமாண்ணா?"

"நைனா சொல்லிக்கீறாரு" என்றான். பிறகு மளமளவென்று கொட்டினான். "கோச்சிக்காத மலரு. உனுக்குன்னு மாடு ஆச்சின்னா நீ தனியாப் பூடுவ. இதுங்கள யாரு கறப்பாங்க? வேற யார் கைக்காவது வுடுதா இதுங்க? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. அத்திப்பட்டுல ஒரு ஆளு கீறான். சினைன்னு சொல்லி அவன்கிட்ட தள்ளி வுட்ரலாம்."

"இன்னொருத்தன் வயித்துல அடிக்கவா?"

வாரா வாரம் வந்து தன் கையால் தின்றுவிட்டுப் பொறுத்துக்கோ என்று சொன்ன வாய் இது. ஏமாந்த ஆத்திரத்தைவிட, இத்தனை நாள் அவன் வரவுக்காக மீன் வாங்கி வைத்ததை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

"செவலகூடப் பொறந்தது வயித்துக்குள்ள ஒண்ணுந் தெரியாம கெடுத்துச்சி. நீ தெரிஞ்சே கெடுத்த. செவல எங்கிட்டயே நிக்கட்டும். சாணியாவது போடும்."

லட்சுமியின் மடி அதற்குள் அவள் கைக்குச் சுரந்து, காம்பில் பால் துளிர்த்திருந்தது. மலர்க்கொடி எழுந்தாள். காலி வாளியைக் கொண்டுபோய் அண்ணன் காலடியில் வைத்தாள்.

"கறந்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பொன்னுரங்கம் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து காம்பைப் பிடித்தான். லட்சுமி பாலை அடக்கிக்கொண்டது.