ஹமீதின் பட்டாளம்

ஹமீதுக்கு 'போ' என்ற சொல் வாயில் வராது. நாய் வந்து பட்டறைத் தோலைக் கவ்வினால்கூட, "கொஞ்சம் தள்ளி இரு" என்பார். நாயும் தள்ளி இருந்து கவ்வும்.

கடையநல்லூரிலிருந்து வந்து தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை போட்டவர். கீழே தையல் மெஷின்கள். ஏணியில் ஏறினால் மாலா என்று சொல்லும் மேல்தட்டு, அதில் ஆட்களின் படுக்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எவன் ரயிலேறி வந்தாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நேரே அங்கேதான் வருவான். வந்தவனுக்குச் சோறு போட்டால் அவன் பட்டறை ஆள். போட்ட பிறகு அனுப்புவது அந்தச் சந்தின் வழக்கத்திலேயே இல்லை. அனுப்ப வேண்டியவரும் ஒருநாள் அப்படி வந்து உட்கார்ந்தவர்தானே.

"ஆளு கூடுனா ஆர்டர் கூடும், தந்தா, அதான் யாவாரம், ஜாஸ்தியாச்சுன்னா எல்லாம் சரியாயிரும்" என்பார். ஆள் கூடியது. ஆர்டர் எங்கோ வழியில் நின்றுவிட்டது. மாலாவில் ஒருவன் புரண்டு படுக்க நினைத்தால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பிறகு வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் புரளும். ஒரு தடவை குரல் கொடுக்காமல் புரண்ட இசக்கி பக்கத்துக் கூரையில் விழித்தான் என்பார்கள். நான் நம்புகிறேன்.

இதில் மாட்டிக்கொண்டவள் ஹமீதின் மனைவி அக்தர் பானு. நிக்காஹ் முடிந்து மூன்று வருஷமாகத் தாய்வீட்டிலேயே இருந்தாள். மாலா காலியானால்தான் அவள் பம்பாய்க்கு வர முடியும். ஆட்களைப் போகச் சொல்ல ஹமீதுக்கு வாய் வரவில்லை. அவளை வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை.

எண்பத்தாறில் அவளுடைய தம்பி ஜெயினுலாப்தீன் துபாயிலிருந்து விடுப்பில் வந்தான். கையில் ஒரு கம்ப்யூட்டர். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பட்டறை டிவியில் அதை மாட்டி, டேப் ரெக்கார்டரில் காசெட்டை ஓட்டினால், ஆயிரம் தவளைகளை ஆட்டுக்கல்லில் போட்ட மாதிரிக் கத்திவிட்டுத் திரையில் ஒரு ராஜ்ஜியம் எழும்பும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் டிவி முன் கூடியிருந்தார்கள்.

"மச்சான், இதுல நீங்கதான் ராஜா," என்றான் ஜெயினுலாப்தீன். "வயலு இருக்கு, தானியம் இருக்கு, பட்டாளம் இருக்கு. ஒவ்வொரு அறுப்பு முடிஞ்சதும் எத்தன பேரச் சேக்கணும், எத்தன பேர அனுப்பணும்னு நம்பர அமுக்கணும். பட்டாளத்தான் உழ மாட்டான். திம்பான்."

"பொறவு அவன் எதுக்கு?"

"அவன் இல்லன்னா வடக்க இருக்க ராஜா உள்ள வந்துருவான்."

"இதுக்கு எதுக்கு துபாய் போனீரு?" என்றார் தளவாய், பட்டறையின் முதல் ஆள். "ஏணில ஏறிப் பாத்தா இங்கனயே தெரியுமே."

ஜெயினுலாப்தீன் சிரிக்கவில்லை. "மச்சான், ஒரு பந்தயம். பத்து அறுப்பு தாக்குப்பிடிங்க. ஒருத்தனையும் அனுப்பாம ஜெயிச்சிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன், அக்கா ஊர்லயே கெடக்கட்டும். தோத்தீங்கன்னா அடுத்த வெள்ளிக்குள்ள மாலா காலி."

ஜெயித்தால் பெண்டாட்டி இல்லை. தோற்றால் முதுகுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குக் கூரை இல்லை. ஹமீது திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்பதும் 'போ' மாதிரி ஒரு சொல்தான், அதுவும் வரவில்லை. "சரி மாப்ள" என்றார்.

முதல் அறுவடை அமோகம். பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். சேர்த்த ஆட்களைக் கொண்டு கிழக்கே ஒரு நாட்டைப் பிடித்தார். பட்டறை அதிர்ந்தது, தையல்காரன் பூலோகம் விசில் அடித்தான். பிடித்த நாட்டைக் காக்க மறுபடி ஆள் சேர்த்தார். வயல் பெருகியது, ஆனால் அதில் இறங்கி உழ வேண்டியவனெல்லாம் வேல் பிடித்துக்கொண்டு எல்லையில் நின்றான். விளைந்ததை வாய்கள் முந்தின. தெற்கே இன்னொரு நாட்டைப் பிடித்தால் தானியம் கிடைக்கும் என்று அங்கேயும் போனார். கிடைத்தது, அதைத் தின்னப் பட்டாளமும் கூடவே போயிருந்தது.

ஏழாவது அறுவடையில் மழை பொய்த்தது.

"பாதிப் பேர அனுப்பிருங்க மச்சான். மிச்சப் பேராவது பொழைப்பான்."

"அனுப்புனா வடக்கத்தியான் வருவான்லா?"

"வரலாம். அனுப்பலன்னா களஞ்சியம் காலி. அது நிச்சயம்."

ஹமீதின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. வாசலை ஆட்கள் அடைத்திருந்ததால் எழுந்து போகவும் வழியில்லை.

"பட்டாளத்த உழச் சொல்லும் பாய்," என்றான் பூலோகம். "ஆர்டர் இல்லாதப்ப நாங்க வெங்காயம் உரிக்கலியா?"

"அதுக்கு இதுல பொத்தான் இல்லல," என்றான் ஜெயினுலாப்தீன்.

"அப்ப ராஜா ஒரு நேரம் பட்டினி கெடக்கட்டும்," என்றான் இசக்கி.

"அதுக்கும் இல்ல."

"என்னவே மெஷினு இது? திங்கதுக்கும் தொரத்துறதுக்கும் மட்டுந்தான் பொத்தானா?" என்றார் தளவாய்.

ஹமீது பூஜ்யத்தை அமுக்கினார். யாரையும் அனுப்பவில்லை. அடுத்த அறுவடையில் பட்டாளம் பசியில் தானாகவே கலைந்தது. திரையில் தலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"பாத்தியளா? நீங்க அனுப்பலன்னாலும் பசி அனுப்பிரும்."

"பசி அனுப்பட்டும் மாப்ள. நான் அனுப்பலல்லா?"

அந்த வாக்கியம் முடிவதற்குள் வடக்கு ராஜா வந்துவிட்டான். கோட்டை கறுப்பாகி, டிவி ஒரு கீச்சுக் குரலில் அழுது நின்றது.

தளவாய்தான் முதலில் ஏணியில் ஏறினார். பின்னாலேயே மற்றவர்களும் ஏறி, படுக்கைகளைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஹமீதும் ஏறினார். எல்லோரையும் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த தன் தலையணையையும் லுங்கிகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

"ஓய் பாய்! மாலாவக் காலி பண்ணச் சொன்னா நீரா காலி பண்ணுதீரு?" என்றார் தளவாய்.

"ஒரு ஆளு கொறஞ்சாச்சுல்லா," என்றார் ஹமீது.

ஜெயினுலாப்தீன் தலையில் கை வைத்துக்கொண்டான். பந்தயத்தில் தோற்றவரைத் திட்டலாம். நாட்டைப் படையிடம் விட்டுவிட்டு ஓடும் ராஜாவை என்ன செய்வது?

ஹமீது பம்பாயிலேயே தள்ளியிருந்த தேவ்நாரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். அக்தர் பானு வந்து சேர்ந்தாள். ஆர்டர் கூடவில்லை, அடுப்பு மட்டும் இரண்டாயிற்று. காலையில் ஒரு பஸ், இருட்டும்போது ஒரு பஸ். பட்டறையில் இருக்கும்போது தேவ்நார் அரிசி ஞாபகம், தேவ்நாரில் இருக்கும்போது பட்டறை அரிசி ஞாபகம். அவளுக்கு இந்தி தெரியாது. அவர் வரும்வரை கதவைத் தாழிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பொறுக்கமாட்டாமல் அவரோடு பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டாள். ஆட்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள்.

"மைனி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே போயிருதோம்," என்றார் தளவாய்.

அவள் மாலாவை அண்ணாந்து பார்த்தாள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்த உயரத்தையும் பார்த்தாள். "எனக்காவ ஒருத்தரும் போவ வேண்டாம். போவணும்னா சேத்துக்கிட்டவரு சொல்லட்டும்," என்றாள்.

எல்லோரும் ஹமீதைப் பார்த்தார்கள். ஹமீது மெஷின் ஊசியைப் பார்த்தார்.

"நூலு தீந்துபோச்சு. வாங்கிட்டு வந்துருதேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அலமாரியில் நூல் பெட்டி பெட்டியாக இருந்தது.

அக்தர் பானு ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் திரும்பும்வரை யாரும் படுக்கையைச் சுருட்டவும் இல்லை, விரிக்கவும் இல்லை.