கலியாணம் கட்டாதவர்களுக்கு இல்லாத சோதனை

நல்லூரில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் நானும் அவளும் பதினொரு வருடங்களாக ஒன்றாக இருக்கிறோம். நான் ஒரு ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறேன். அவள் கூட்டுறவுச் சங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு நாங்கள் கலியாணம் சரிவராமல் போன இரண்டு சிநேகிதிகள். பாவம் பார்த்துப் பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் பலகாரம் அனுப்புவார். அந்தப் பாவத்தின் மறைவில் நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம், அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கும் வரைக்கும்.

மாதவிடாய் நின்று பத்து நாளில் திரும்பவும் இரத்தம் பட்டது. அடுத்த மாதமும் அப்படியே. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்கள் கருப்பைக் கழுத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். அவளுக்கு நாற்பத்தொன்று. இரண்டு பேரும் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனோம்.

மேசையில் இருந்த தாதி மிஸ்ஸி நல்ல மனுசி. சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

"கலியாணம் முடிச்சு எத்தினை வருசம்?"

"முடிக்கேல்லை."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "அப்ப உங்களுக்கு உந்தச் சோதினை தேவையில்லை, தங்கச்சி. அது குடும்பம் நடத்திற ஆக்களுக்குத்தான்."

"இடையிலையும் இரத்தம் போகுது, மிஸ்ஸி."

"நாப்பது தாண்டினா உப்பிடித்தான். கண்டதையும் யோசிக்காதேங்கோ."

இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார். நான் சுவரோரம் போட்டிருந்த வாங்கில் இருந்தேன். எல்லாம் எனக்குக் கேட்டது. எங்களுடைய சமையல், காய்ச்சல், சண்டை, படுக்கை எல்லாம் குடும்பம் இல்லாமல் பிறகு என்ன என்று எழும்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது நான்தான் தொடங்கினேன்.

"அவவிட்டைச் சொல்லியிருக்கலாம்."

"என்னெண்டு?"

"எனக்கும் ஒராள் இருக்கிறா எண்டு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொன்னா நாளைக்கு உம்மடை வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வராது. அது பரவாயில்லையோ?"

இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் நாங்கள் இன்னும் குற்றவாளிகள். ஆனால் அன்றைக்கு எங்கள் வாயைக் கட்டியது சட்டம் இல்லை, ரியூசன் பிள்ளைகளின் தாய்மார்தான்.

குளிசை முடிந்தும் இரத்தம் நிற்கவில்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினோம். என்னை அறைக்கு வெளியே இருக்கச் சொன்னார்கள். ஆம்பிளைகளோடு எப்போதாவது தொடர்பு இருந்ததா என்று டொக்டர் கேட்டாராம். இல்லை என்று இவள் சொன்னாளாம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "அப்ப பயப்பிட ஒண்டுமில்லை" என்று வயிற்றுக்கு மேலால் மட்டும் ஸ்கான் பண்ணி, மாதவிடாயைச் சீராக்கும் குளிசை எழுதிக் கொடுத்தார். உள்ளே பார்க்கவில்லை. கலியாணமாகாத பெண்ணை அப்படிச் சோதிப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். அந்த மரியாதை எங்களுடைய ஒரு வருடத்துக்கும் மேலான காலத்தைத் தின்றது. பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்டதில் நாங்கள் சந்தோசப்பட்டு, வழியில் ஐஸ்கிறீமும் குடித்தோம்.

அடுத்த வருடம் ஒருநாள் அலுவலகத்தில் எழும்பும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். அங்கேதான் முதன்முதலாக ஒருவர் முறையாகப் பரிசோதித்தார். சதைத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று வந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் காட்டாமல் இருந்தனீங்கள்?" பெரிய டொக்டர் கோபமாகவே கேட்டார். "வேளைக்கு வந்திருந்தா சின்ன வேலையோடை முடிஞ்சிருக்கும்."

"வந்தனான், டொக்டர்" என்றாள் அவள். அவருக்கு அது கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒப்பரேசனுக்கு அவளுடைய கையெழுத்தோடு உறவினர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள்.

"நான் வைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் ஆர்?"

"ஒரே வீட்டிலைதான் இருக்கிறனாங்கள்."

"சொந்தமோ?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தமையனின் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னாள்.

தமையன் நெல்லியடியில் இருக்கிறவர். பதினொரு வருடத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறாதவர். அடுத்த நாளே மனைவியோடு வந்து கையெழுத்து வைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாட்டு வாசலில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், செய்ததெல்லாம் பெரிய உதவி. இனி நீங்கள் வீட்டை போங்கோ. நாங்கள் பாப்பம்."

பக்கத்தில் நிற்பதற்கான அனுமதித் துண்டு அவர் மனைவிக்குப் போனது. எனக்கு மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். அவளுக்கு எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் முதுகு நோகாது, வெறும் வயிற்றில் எந்தக் குளிசை சத்தி எடுக்க வைக்கும் என்பதெல்லாம் தெரிந்த நான், மணி அடித்ததும் பார்க்க வந்த மற்ற ஆட்களோடு வெளியேறினேன்.

கருப்பையை எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை. மூன்று மாதம் அவள் நெல்லியடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போவேன். முன்விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, அவளுடைய மச்சாள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பார். நாங்கள் வெய்யிலைப் பற்றிக் கதைத்தோம். ஒரு ஞாயிறு அவள் பையோடு என்னை எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் வீட்டை போறன், அண்ணை" என்றாள். அவர் மறிக்கவில்லை. பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் கிழமையே என்னை நச்சரிக்கத் தொடங்கினாள். பெண்ணிலிருந்து பெண்ணுக்கும் அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி தொற்றும் என்று இணையத்தில் வாசித்திருந்தாள். எங்களிடம் அதுவரை ஒருவரும் சொல்லாத விசயம். "நீரும் போய்ச் செய்யும். எனக்கு வந்தது உமக்கும் வரலாம்."

எங்களைத் தெரியாத வேறு ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

"கலியாணம்?"

"ஓம்."

"அவர்?"

"லண்டனிலை."

"பிள்ளையள்?"

"இல்லை."

"கடவுள் தருவார்" என்று அந்த மிஸ்ஸி என் தோளைத் தட்டினார். பத்து நிமிடத்தில் சோதனை முடிந்தது. அவ்வளவுதான் வேலை. சில கிழமைகளில் முடிவு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை.

கிளினிக் அட்டையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். 'கணவர் வெளிநாடு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"உமக்குப் பொய் சொல்ல வந்திருக்கு" என்றாள். "எனக்கு வரேல்லை."

அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் என்னைக் குற்றம் சொன்னாளா, தன்னையே நொந்துகொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். வெளியே வாங்கில் இருக்கிறேன்.