மேப்பில் மஞ்சளாகத் தெரிந்த இடம்

நிலநடுக்கக் கருவி வைக்க இடம் தேடுவது என் வேலை. ரயிலோ லாரியோ பிரஸ் பட்டறையோ மண்ணை அதிரவைக்காத மூலையாக வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பைக்கில் அலைந்து தேடியவன் நான். போன வருஷம் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். முகப்பேரில் ஃப்ளாட், கையில் லேப்டாப். மேப்பைத் திறந்து தண்டவாளம், நெடுஞ்சாலை, தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பாள். அதிர்வு அதிகமான இடம் சிவப்பாகும், அமைதியான இடம் பச்சையாகும். நான் மாதக்கணக்கில் வெயிலில் வெந்து, தேறாது என்று ஒதுக்கிய மண்ணூர்பேட்டை, அவளுடைய டீ ஆறுவதற்குள் சிவப்பாகிவிட்டது. ஆபீசே அவள் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தது. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது.

மேற்குப் புறநகருக்கென்று வந்தது ஒரே ஒரு கருவி. சேக்காட்டில் ஒரு சர்ச்சின் பின்பக்கத்தை நான் சொன்னேன். மேப் அதை மஞ்சளாகக் காட்டியது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தை அவள் சொன்னாள். அது பச்சைப் பசேல் என்று இருந்தது. இரண்டு இடத்திலும் கொஞ்ச நாள் சோதனைக் கருவி ஓடட்டும், எது அமைதியோ அதற்கே கொடுப்போம் என்றார் எங்கள் அதிகாரி.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்ததும் வண்டியைச் சேக்காட்டுக்கு விட்டேன். மூடி சரியாக இருக்கிறதா, மாடு கீடு வருகிறதா என்று கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இன்னா சார், டெய்லி வந்துகினு கீறீங்க? அது எங்கியும் ஓடிப்போவாது" என்றார் சர்ச் வாட்ச்மேன். நேற்று வந்தவளிடம் தோற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கென்ன தெரியும்?

ரிசல்ட் வந்ததும் அவளே என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினாள். நாள் முழுக்க என் இடத்தின் அதிர்வுக் கோடு அவள் இடத்தைவிட அமைதியாக ஓடியிருந்தது. சாயங்காலம் மட்டும் ஒரு வண்டி வந்து நிற்கும் அதிர்வு, அப்புறம் காலடிகள், வெகுநேரத்துக்கு.

"தினமும் யாரோ வாராங்கண்ணே. அந்த ஆளை மட்டும் நிறுத்திட்டா உங்க இடந்தான் ஜெயிக்கும். யாருன்னு தெரியுமா?"

அதில் கிண்டல் துளியும் இல்லை. நல்ல மனசோடு கேட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. கருவிக்குப் பக்கத்தில் கால் வைக்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"யாராச்சும் வேலைவெட்டி இல்லாதவனா இருப்பாம்மா" என்றேன்.

யாரென்றே தெரியாத ஆளை எப்படி நிறுத்துவது என்றார் அதிகாரி. அந்த வாரமே கருவி பூந்தமல்லிக்குப் போனது.