தாய்வீட்டுக்கு வந்த யானைக்குச் சரவெடி

செவ்வாய், காலை பத்து மணி பத்து நிமிடம். யானைகள் இரண்டு. பட்டாசு வைத்த முட்டாள் ஒருவர்: மிருகக்காட்சிசாலை மேனேஜர்.

தாய் ராணி. குட்டியிலேயே வேறு ஊருக்கு அனுப்பப்பட்ட மகள் செண்பகம், போன வாரம்தான் திரும்பி வந்தாள். கம்பிக்கு இருபுறமும் நின்று தும்பிக்கையைக் கோத்துக்கொண்டே கிடந்தார்கள். இன்று நடுக்கேட்டைத் திறந்தோம். ஆம்பூரில் எங்கள் வெல்டிங் பட்டறையில் நான் செய்த கேட்.

இருவரும் நெருங்கும்போது வாசலில் சரவெடி வெடித்தது. ராணி மிரண்டு பாய்ந்தாள். நடுவில் நின்ற செண்பகம் இடிபட்டுக் கேட்டில் மோதிச் சரிந்தாள். கம்பி வளைந்தது. அவள் காது கிழிந்து ரத்தம் கொட்டியது. பாகன் பாஷா அண்ணன் உருண்டு வெளியே வந்ததால் பிழைத்தார்.

"இன்னா சார் பண்ணீங்க?" என்று மேனேஜர் சட்டையைப் பிடித்தேன்.

"பொண்ணு தாய்வீட்டுக்கு வர்றா, வெடி வைக்க வேணாமா?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இது பேஜார் தம்பி. தாய்க்குப் பொண்ணைப் புடிக்கல. நாளைக்கே லாரி வெச்சு அனுப்பிடலாம்."

"புடிக்காத தாயா சார் அது? கிட்டப் போய்ப் பாருங்க, தெரியும்" என்றார் பாஷா அண்ணன்.

வெடிச்சத்தம் அடங்கியதிலிருந்தே ராணி மகளை மறைத்துக்கொண்டு நின்றாள். காதுக்கு மருந்து போட வந்த டாக்டரைக்கூட அண்டவிடாமல் விரட்டினாள்.

மேனேஜர் இன்னும் லாரிக்குத்தான் போன் போடுகிறார். நான் செய்யப்போவது:

1. வளைந்த கம்பியை இன்றைக்கே மாற்றுவேன்.

2. யானையை லாரியில் ஏற்றும் சாய்தளமும் எங்கள் பட்டறைச் சரக்குதான். கழற்றி ஆம்பூருக்கு எடுத்துப் போகிறேன். அவர் தோளில் தூக்கி ஏற்றட்டும்.

3. அடுத்த முறை பட்டாசோடு வருகிறவரை ராணியோடு உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்துவேன். யாராவது தடுக்கப் போகிறீர்களா?