ஏரி மீனுக்கு ஒரு கத்தி

எங்கள் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில், ஒரு கத்தி கிடக்கிறது. ஒடுங்கிய, நீளம் குறைந்த அலகு. பெருவிரலால் அழுத்தினால் வளையும். கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி. எலும்பை வெட்ட உதவாது. மீன் சதையை முள்ளிலிருந்து வழித்தெடுக்கவென்றே செய்தது. முள்ளோடு துண்டு போட்டுக் குழம்பு வைக்கிற வீட்டில் இதற்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் கேட்பார்கள். என் கணவரின் அக்காவுக்காக, என் மச்சாளுக்காக, வாங்கியது என்பேன். அதற்கு மேல் சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மச்சாள் மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க்டேலில் எங்கள் நெருக்கமான அப்பார்ட்மென்ரில் சேர்ந்துகொண்டார். அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வள்ளம் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் வந்த முதல் நாள் பெரிய கெட்டிக்காரி போல அறக்குளா என்கிற கடல் மீனில் குழம்பு வைத்துப் பரிமாறினேன். அவர் சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தார். "அவரைத் திண்ட மீன் எது, திண்ணாத மீன் எது எண்டு எனக்கு என்னெண்டு தெரியும், ரீச்சர்?" என்றார். ஊரில் நான் புவியியல் படிப்பித்தவள். அந்த மதிப்பில் என்னை அவர் எப்போதும் ரீச்சர் என்றே கூப்பிடுவார்.

அக்கா சோறும் பருப்புமாக மெலிந்துபோவதைப் பார்த்த என் கணவர், சனிக்கிழமைகளில் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார். உள்ளங்கை நீளத்தில் மஞ்சள் வரி போட்ட மீன்கள் கிடைத்தன. மச்சாளின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. ஆனால் எங்கள் கத்தியை அவர் தொடமாட்டார். அது கடல் மீன் வெட்டிய கத்தி. ஒருவருக்காகத் தனிக் கத்தியா என்று எனக்குள் புகைந்தது. வெளியே சிரித்துக்கொண்டு அவரை மீன்பிடிச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனேன்.

நல்ல கத்திகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. எங்களுக்கு ஏற்றவை வெளியே கொளுவியில் தொங்கின. கடைக்காரர் பொறுமையான மனிதர். சின்ன மீனுக்கு நீண்ட அலகு வேண்டாம், வளைந்து கொடுக்க வேண்டும், ஈரக்கை வழுக்காத பிடி வேண்டும் என்றார். மரப்பிடியை மச்சாள் முகர்ந்து பார்த்து, தண்ணீரில் ஊறிப்போகும் என்று திருப்பி வைத்தார். எல்லாவற்றிலும் மலிவான கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்து நான் நீட்டினேன். அவர் அலகை வளைத்துப் பார்த்தார், பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ரீச்சர், உந்த ஏரித் தண்ணி கடலுக்குப் போகாதுதானே? அங்கயிருந்து மீன் ஏறி வராதுதானே?"

ஏரியிலிருந்து சென் லோறன்ஸ் ஆறு புறப்பட்டுக் கடலில் விழுவதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நீலப் பென்சிலால் கீறிக் காட்டியவள் நான். "போகாது மச்சாள். உது சுத்திவர மூடின தண்ணி" என்றேன். அவர் மெலிந்துபோவது பொறுக்காமல் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் எனக்குக் கால் உளைந்தது, பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது. "நீர் சொன்னால் சரி" என்று அவர் கத்தியை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருநாள். செதில் சுரண்டி, செவுளுக்குப் பின்னால் கீறி, முள்ளோடு ஒட்டி அலகைச் சாய்த்து இழுப்பார். சதை மடல் மடலாக வரும். எங்கள் மகளுக்கு முள் இல்லாமல் பொரித்துக் கொடுத்துவிட்டுத் தானும் ரசித்துச் சாப்பிடுவார். அவர் உடம்பு தேறியது. என் வாய்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கசந்தது. சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் விரல் நக்குவதைப் பார்த்து விழுங்கிக்கொள்வேன்.

கோயில் ஆட்கள், ஏரியிலிருந்து அந்த ஆறு புறப்படுகிற ஆயிரம் தீவுகளுக்குப் பஸ் பிடித்தபோது மச்சாள் ஆசையோடு வந்தார். படகில் போகும்போது பெரிய கப்பல் ஒன்று எங்களைக் கடந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கத் துருவும் உப்புக்கறையும். "இஞ்சயிருந்து நேர கடலுக்குத்தானாம் போகுது" என்று முன்னால் இருந்த அன்ரி உற்சாகமாகத் திரும்பிச் சொன்னார். மச்சாளுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. கடற்கப்பலை அவருக்குத் தெரியும். கண் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் மீன் வந்தது. அதே கத்தியால் துப்புரவாக்கினார், பொரித்தார், எல்லாருக்கும் போட்டார். தன் கோப்பையில் சோறும் பருப்பும் மட்டும். "மச்சாள், உங்களுக்கு?" என்றேன்.

"வயிறு சரியில்லை, தங்கச்சி. நீர் சாப்பிடும், ஆறப்போகுது."

அந்த வயிறு பிறகு சரியாகவே இல்லை. தம்பியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களோடு இருந்த காலம் முழுவதும் எங்களுக்காக மீன் வெட்டினார், என்னோடு சிரித்தார், எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்தார். ஆனால் ரீச்சர் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

போன மாரியில் மச்சாளை அடக்கம் செய்தோம். நேற்றுக் கணவர் மீன் கொண்டுவந்தார், நான் இழுப்பறையைத் திறந்து அந்தக் கத்தியை எடுத்தேன். இன்னும் நன்றாகத்தான் வெட்டுகிறது. அன்றைக்குக் கடையில் "ஓம் மச்சாள், கடலுக்குத்தான் போகுது" என்று சொல்லியிருந்தால் கத்தியைக் கொளுவியிலேயே விட்டுவிட்டு வந்திருப்போம். அவர் கடைசிவரை என்னை ரீச்சர் என்று கூப்பிட்டிருப்பார்.