வயிற்றை உள்ளே இழுத்த மத்தியானங்கள்

பூண்டுக் குழம்பு வாசமும் குழந்தைப் பவுடர் வாசமும் கலந்த அறை… ஜன்னலைத் திறந்தால் வெயிலில் மலைக்கோட்டை மிதப்பதுபோல் தெரியும். திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீடு. மகள் பிறந்து சில வாரங்கள்.

சிசேரியன். அம்மா இல்லாதவள் நான். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள, கன்னிவாடிப் பக்கம் மல்லிப்பூத் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு மாமியார் வந்திருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பழைய நூல் சேலையைக் கிழித்து என் வயிற்றில் இறுக்கிக் கட்டுவார். அசையாமல் படு என்பார்.

நானாக எழுந்தால் தையலில் சுரீர் என்று இழுக்கும். பிள்ளை அழுதால் அத்தைதான் தொட்டிலிலிருந்து எடுத்துத் தர வேண்டும். பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட முடியவில்லையே என்று அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, சிட்-அப் எடு, தொப்பை ஓடிப்போகும் என்றார். செக்கப்புக்குப் போனபோது பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். பதறிவிட்டாள். இப்போது அது கூடவே கூடாதாம்… முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை வெளியே விட்டபடியே வயிற்றை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும்.

அத்தை திட்டுவாரோ என்று போர்வைக்குள்ளேயே செய்தேன்.

"ஏத்தா, ஏன் இப்புடி மூச்சு வாங்குது? டாக்டரம்மாட்டப் போவமா?"

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை வயிற்றுக் கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். பிறகு கட்டிலை ஒட்டிப் பாய் விரித்து, அவரும் முழங்காலை மடக்கிப் படுத்தார்.

"மூணு பெத்தேன். பச்ச ஒடம்போட பூவெடுக்கப் போயிட்டேன். எனக்கு இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலத்தா."

அதற்குப் பிறகு மத்தியானமெல்லாம் அப்படித்தான்…
ஃபேன் சுற்றும். எங்கோ டவுன் பஸ் ஹாரன் கேட்கும். இருவரும் மூச்சை விட்டுக்கொண்டு கிடப்போம். பாதியிலேயே அத்தை தூங்கிவிடுவார்.

ஒருநாள் பிள்ளை அழுதாள். அத்தை அடுப்படியில் இருந்தார். ஒருக்களித்தேன். கையை ஊன்றினேன்… உட்கார்ந்துவிட்டேன். வலிக்கவில்லை. நானே தொட்டிலிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். ஓடிவந்த அத்தை, நீட்டிய கையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மகள் இப்போது ஹைஸ்கூல். நான் காலையில் மேட் விரித்து, போனில் யாரோ இங்கிலீஷில் எண்ண, முழங்கையை ஊன்றிப் பிளாங்க் செய்கிறேன். கோர் என்கிற வயிற்றுத் தசை ஸ்ட்ராங் ஆகிறதாம். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்.

தினமும் நானாகத்தான் எழுந்திருக்கிறேன்…
அதை நின்று பார்க்கத்தான் ஆளில்லை.