சனியையும் சுழற்றுகிறவன்

என் மகனுக்கு இரண்டு பாதங்களும் பிறக்கும்போதே உள்பக்கமாக மடங்கியிருந்தன. மற்றப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வயதில் அவன் உட்கார்ந்தபடியே நகர்ந்து வருவான். காற்சட்டையின் பின்பக்கம் தேய்ந்து கிழியும், நான் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பேன். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து எலும்பு டாக்டர் வருகிறார், அவரிடம் காட்டிவிடுங்கள், எலும்பு இறுகிவிட்டால் பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது என்று தேயிலைத் தோட்டத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

குறுக்கே நின்றவர் சனிபகவான். என் வீட்டுக்காரர் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீ மேக்கர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பு. அங்கே யார் பேச்சையும் லேசில் நம்பமாட்டார். அட்டன் ஜோசியர் சொன்னால் மட்டும் அது வேதவாக்கு. சனியே காலை இழுத்து இழுத்து நடக்கிறவர், அவர் பிடித்த கால் அவராக விட்டால்தான் வரும், அவர் இடம் பெயரும்வரை வைத்தியம் தொடங்காதீர்கள், அதிலும் சனிக்கிழமை கூடவே கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். எலும்பு டாக்டரோ சனிக்கிழமை மட்டும்தான் வருவார். என் வீட்டுக்காரர் வாராவாரம் எள் தீபம் போட்டார். தோட்டத்துக் கோயிலில் நவக்கிரகம் கிடையாது. அதனால் பிள்ளையார் முன்னால் போட்டுவிட்டு, சனீஸ்வரனிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்வார். நான் வாயைத் திறந்தால் சண்டை. மாதக்கணக்கில் சண்டை போட்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஸ்டோருக்குப் புது எஞ்சின் பூட்ட ஓர் இஞ்சினியர் வந்தார். வெள்ளைக்காரர், ஆனால் தோட்டத்தை நடத்துகிற துரைமாரோடு ஒட்டவில்லை. ஜெர்மன் நாட்டு யூதர், யுத்தத்துக்கு முன்பே தப்பி வந்தவராம். கோயம்புத்தூர் மில்களில் வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார். துரை பங்களாச் சாப்பாடு தன் மதத்துக்கு ஆகாது என்று தன் பாத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, அவற்றில் மரக்கறி மட்டும் சமைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவருக்கு வெள்ளைக்கார ஐயர் என்று பெயர் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். சனிக்கிழமை முழுவதும் சுத்தியலைத் தொடமாட்டார், அடுப்புப் பற்றவைக்கமாட்டார், பேனாவைக்கூட எடுக்கமாட்டார். எஞ்சின் பாதி பூட்டியபடி கிடக்கும். பெரிய துரை தலைகீழாக நின்று பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஆட்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இவருக்கு ஏழரைச் சனி, இல்லாவிட்டால் இப்படி ஒரு விரதத்தை எவன் பிடிப்பான்? என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர், வெளிநாட்டுக்காரர், அவரே சனிக்குப் பயப்படுகிறார் பார் என்று என்னை இடித்துக் காட்டினார். ஒரு சனிக்கிழமை என்னைக்கொண்டு எள் சாதம் செய்யவைத்து எடுத்துப்போனார். இஞ்சினியர் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரமும் கிடைக்குமா என்று கேட்டாராம். அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தொரைக்குச் சனி விலக இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று இவர் பணிவாகக் கேட்டார். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். பிறகு பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"சனிக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீங்க மேக்கர் ஐயா," என்றார். "உங்க ஸ்டோர்ல கொழுந்து உருட்டுற ரோலர் தானாவா சுத்துது? மேல சாஃப்ட் சுத்துது, பெல்ட் இழுக்குது. சனியும் அப்படித்தான், சூரியனும் அப்படித்தான். எல்லாத்தையும் சுத்த வைக்கிறவன் ஒருத்தன். ரோலரைப் போய் யாராவது கும்பிடுவாங்களா?"

"கும்பிடுவோம்ங்க," என்றார் இவர். "ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்போம்."

நான் சிரித்துவிட்டேன், இஞ்சினியரும் சிரித்தார். சாஃப்டுக்கு எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும், அப்படிப் போனால் எங்கேதான் முடிவு என்று இவர் விடாமல் கேட்டார். எங்காவது ஓரிடத்தில் நின்றுதானே ஆகவேண்டும், நிற்கிற அந்த இடத்துக்குத்தான் எங்கள் பெரியவர்கள் கடவுள் என்று பெயர் வைத்தார்கள், அவனுக்கு உடம்பு கிடையாது, கை கிடையாது, வானம் முழுவதும் அவனால் சுழல்கிறது என்றார் இஞ்சினியர். அப்படியானால் சனிக்கிழமை எதற்கு என்று இவர் கேட்டார். ஆறு நாள் நாம் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால் எல்லாம் நம்மால் ஓடுகிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறதாம். ஒரு நாள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஆறு ஓடுகிறது, கொழுந்து வளர்கிறது. அதைப் பார்ப்பதற்குத்தான் அந்த நாள் என்றார். புது எஞ்சினை விளக்குகிற குரலில்தான் இதையும் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இதைக் கேட்பது?

"எல்லாத்தையும் அசைக்கிறவருக்கு எங்க பையன் காலை அசைக்கத் தெரியலீங்களா?" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். இஞ்சினியர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எங்க அம்மாவையும் தங்கச்சியையும் ரயில்ல ஏத்திக் கொண்டுபோய்க் கொன்னாங்க," என்றார். "அந்த ரயிலையும் அவன்தான் ஓட்டினானான்னு நானும் கேக்கிறேங்க. பதில் வரல."

அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அதோடு போயிற்று. அவருடைய கடவுள்மேல் இருந்தது போகவில்லை.

வீட்டுக்காரர் சனியை விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனதில் ஏதோ கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். சில நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமையே கிளம்பி ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்துக்கொண்டால், வைத்தியம் வெள்ளிக்கிழமை தொடங்கியதாகத்தானே ஆகும்? எனக்கு வாதம் வேண்டியிருக்கவில்லை, வழிதான் வேண்டியிருந்தது. இஞ்சினியர் தன் ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். மத்தியானம் புறப்பட்டால் பொழுது சாயுமுன் அவர் திரும்பிவிடலாம்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. லிந்துலை தாண்டியதும் மண் சரிந்து பாதையை மூடிக் கிடந்தது. ஆட்கள் வந்து வெட்டித் தள்ளும்வரை ஜீப்புக்குள் அடைந்து கிடந்தோம். வழி விட்டுப் புறப்பட்டபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கொஞ்ச தூரம் போயிருப்போம், ஒரு முஸ்லிம் கடைக்கு முன்னால் இஞ்சினியர் ஜீப்பை நிறுத்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க. எனக்குச் சனிக்கிழமை வந்திருச்சு," என்றார்.

அவர்களுக்கு நாள் பொழுது சாயும்போதே பிறந்துவிடுகிறது. இது உயிர் போகிற காரியமாக இருந்தால் ஓட்டியிருப்பேன், கால் விஷயத்துக்கு ஓட்ட அனுமதி இல்லை என்றார். அவருக்கே அழுகை வரும்போல இருந்தது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒரு சனிக்குப் பயந்து இத்தனை மாதம் போயிற்று, இப்போது இன்னொரு சனி நடுவழியில் வந்து நிற்கிறதே என்று வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்காரர் ஜீப்பின் முன்கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு இன்னும் வரலீங்க," என்றார். "நாளைக்கு விடிஞ்சாத்தான் எனக்குச் சனிக்கிழமை. நீங்க எறங்குங்க தொரை."

முன்பு ரப்பர் தோட்டமொன்றில் இருந்தபோது இவர் லொறி ஓட்டிப் பழகியவர். அதற்குப் பிறகு எதையும் தொட்டதில்லை. இஞ்சினியர் மழையில் இறங்கிக் கடை ஓரமாக நின்றார். கடைக்கார நானா அவரை உள்ளே கூப்பிட்டுத் தலை துவட்டத் துவாய் கொடுப்பது தெரிந்தது. மறுநாள் இருட்டும்வரை அவரை அங்கேயே வைத்துக்கொண்டதாகப் பிறகு அறிந்தேன். இவர் சனீஸ்வரா, சனீஸ்வரா என்று முணுமுணுத்தபடி நுவரெலியாவரை ஓட்டினார்.

காலையில் எலும்பு டாக்டர் பார்த்தார். இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஏசினார். இருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை என்று சொல்லி அன்றைக்கே மாக்கட்டுப் போட்டார். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கட்டு மாற்றி மாற்றிப் போட்டார்கள், ஓர் ஒப்பரேஷன் செய்தார்கள், கடைசியில் காலில் இரும்புப் பட்டை வைத்த சப்பாத்து மாட்டினார்கள். இதற்குள் எஞ்சின் வேலை முடிந்து இஞ்சினியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மகன் நடந்ததை அவர் பார்க்கவில்லை.

அவன் நடந்தது ஒரு காலை நேரத்தில், எங்கள் குவாட்டர்ஸ் முற்றத்தில். சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். நான் எதிரே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். இத்தனை காலம் நான் கேட்டதெல்லாம் அவன் நடக்க வேண்டும் என்பது மட்டும்தான். நடந்தால் என்னிடம்தான் வருவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவன் சுவரை விட்டான். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து என்னைத் தாண்டிப் போனான், வாசல் படலையைத் தள்ளித் திறந்தான், பாதையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தான்.